ஏறாத கோடு

முப்பத்தைந்து வயதில் அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது படிப்பு ஆசையால் அல்ல. தன் தம்பியைக் கொன்றது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒருவர் காகித மில்லில் ரிலே என்கிற மின்பாதுகாப்புக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர். இன்னொருவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அவள் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்தாள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்கிற வேலை. பன்னிரண்டு வருஷமாக அதேதான். கல்யாணத்துக்கு முன்னால் படித்த எலக்ட்ரிகல் டிப்ளமோ பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. எந்த மோட்டாரானாலும் மூடியைக் கழற்றி ஒரு தடவை மோந்து பார்ப்பாள். ஒரு ஃபேஸ் போய் எரிந்ததா, லோடு தாங்காமல் எரிந்ததா என்று சொல்லிவிடுவாள். கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம், "எங்க கடையில மீட்டர் எதுக்கு, அந்தம்மா மூக்கே போதும்" என்று பெருமையடிப்பார்.

வீட்டுக்காரர் மில்லின் சப்ஸ்டேஷனில் ஷிஃப்ட் ஆபரேட்டர். அவர்தான் தன் மச்சினனுக்கு, அதாவது அவளுடைய தம்பிக்கு, அங்கேயே எலக்ட்ரீஷியன் வேலை வாங்கிக் கொடுத்தார். மாமனும் மச்சினனுமாக ஒரே ஷிஃப்டில், ஒரே சைக்கிள் ஸ்டாண்டில், ஒரே சாப்பாட்டுத் தூக்கில். யாராவது ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் முகம் வாடிக் கிடக்கும்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு வீட்டுக்காரர் சொன்னார், "மாப்ளே, பெரிய டிரான்ஸ்ஃபார்மர்ல ஆயில் சூடு எவ்வளவுன்னு பாத்து எழுதிட்டு வந்துடு." தினமும் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டிய கணக்கு அது. தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு போனான். மீட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே கோளாறாகி, தொட்டி பிளந்து, கொதிக்கிற எண்ணெய் தீயோடு வெளியே பாய்ந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் இழுத்தார். அதில் அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்தன. தம்பி இரண்டு நாள் இருந்தான். அப்புறம் இல்லை.

விசாரணை நடந்தது. அறிக்கை வந்தது. அதன் பதினாலாவது பத்தியை அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். உள்ளே போகிற கரண்டையும் வெளியே வருகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ரிலே ஒன்று டிரான்ஸ்ஃபார்மருக்கு உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். கண்ணிமைக்கிற நேரத்தில் பிரேக்கரைத் தட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த உத்தரவு போகிற வழியில் கையால் கழற்றி மாட்டக்கூடிய பித்தளை லிங்க் ஒன்று இருக்கும். தீ அணைந்து பார்த்தபோது அந்த லிங்க் கழன்றிருந்தது. "போதிய கல்வியறிவு இல்லாத ஆபரேட்டர் தன்னிச்சையாக லிங்கைக் கழற்றியதே விபத்துக்குக் காரணம்." இதுதான் பதினாலாவது பத்தி. முக்கியச் சாட்சி, ரிலே இன்ஜினியர்.

"நான் தொடலை," என்றார் வீட்டுக்காரர். விசாரணையிலும் அதையே சொன்னார், வீட்டிலும் அதையே சொன்னார். மூன்றாவது தடவைக்கு மேல் சொல்லவில்லை.

அவளுடைய அம்மா மருமகனைப் பார்த்து, "என் பிள்ளையை நீங்கதானே அங்க அனுப்புனீங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். அப்புறம் இரண்டு தெரு தள்ளி இருந்த தன் வீட்டிலிருந்து இந்த வாசலை மிதிக்கவே இல்லை. வேலை போன வீட்டுக்காரர் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆணி எடை போடும் வேலைக்குப் போனார். தோல் இழுத்துப் பிடித்த விரல்களால் ஆணிகளை அள்ளும்போது கடைக்கு வருகிறவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

இப்படி இரண்டு வருஷம். ஒரே கூரை, ஒரே அடுப்பு. சாப்பாடு போடுவாள், அவர் சாப்பிடுவார். ஆனால் அவர் தண்ணீர் குடிக்கும்போது கூட அவள் அந்தக் கைகளையே பார்ப்பாள். இந்தக் கைதான் லிங்கைக் கழற்றியதா? அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ரிலே என்றால் என்ன, லிங்க் என்றால் என்ன என்று அவரிடமே கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். விளக்கம் சொல்கிறாரா, சப்பைக்கட்டு கட்டுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அளவுக்குப் படிப்பு இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. பொய் சொன்னால் கூடத் தெரியாத இடத்தில் தன்னை நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. யார் செய்தார்களோ, அவர்களை விடுவதில்லை. புருஷனே ஆனாலும் சரி.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு என்று பல்கலைக்கழகத்தில் சாயந்திர வகுப்பு இருந்தது. டிப்ளமோ படித்தவர்களுக்கு மூன்று வருஷம். பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தாள்.

வகுப்பில் அவள்தான் மூத்தவள். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள் என்பதால் முதல் வாரமே "காயிலக்கா" என்று பெயர் விழுந்தது. மின் இயந்திரங்கள் பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் லேபில் மோட்டார் ஓடாமல் வெறுமனே உறுமிக்கொண்டு நின்றது. பையன்கள் ஆளுக்கொரு சூத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துவிட்டு, "ரெண்டு ஃபேஸ்லதான் கரண்டு வருது, ஃப்யூசைப் பாருங்க" என்றாள். பார்த்தால் ஃப்யூஸ் போயிருந்தது. "அக்கா, இது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று ஒருத்தன் புத்தகத்தைக் காட்டினான். "அட்டைக்கு வெளியில" என்றாள்.

கணக்குதான் அவளைப் படுத்தியது. முதல் செமஸ்டரில் கணக்கில் ஃபெயில். இரண்டாவது தடவையும் ஃபெயில். தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி என்ற பெண் பக்கத்தில் உட்காருவாள். அவள்தான் மதிய நேரங்களில் வைண்டிங் கடைக்கே வந்து சொல்லிக்கொடுத்தாள். கை கம்பியைச் சுற்றும், வாய் சூத்திரத்தைச் சொல்லும். "அக்கா, இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு இந்த வயசுல?" என்று சோடாபுட்டி ஒரு நாள் கேட்டாள். "ஒரு ஆளைப் புடிக்கணும்" என்றாள் காயிலக்கா. ஏதோ பிரமோஷன் விஷயம் போலிருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை அறுபத்தெட்டு மார்க்.

மூன்றாம் வருஷம் மின்சக்திப் பாதுகாப்பு பாடம். சனிக்கிழமை காலையில் வெளியிலிருந்து ஒருவர் வந்து எடுப்பார் என்றார்கள். பெரிய அனுபவசாலியாம். "செட்டிங் சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்" என்று அடிக்கடி சொல்வாராம், அதனால் செட்டிங் சார் என்று பெயராம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் காயிலக்கா திறந்த நோட்டை மூடினாள். மில் இன்ஜினியர். விசாரணை நடந்த கட்டிடத்தின் வராந்தாவில் நின்று தூரத்திலிருந்து அவரைப் பார்த்திருக்கிறாள். அவர் அவளைப் பார்த்ததே இல்லை. ஆபரேட்டருக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்று அவர் யோசித்திருக்கவும் மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகத்தான் பாடம் நடத்தினார். கணீரென்ற குரல், போர்டில் அழகான படம். அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எதிராளியிடம் இருக்கிற சரக்கு முழுவதும் தனக்கும் வேண்டும் என்பதுபோல எழுதினாள்.

ஆறாவது வாரம், டிரான்ஸ்ஃபார்மர் பாதுகாப்பு. திரையில் ஒரு புகைப்படம் வந்தது. பிளந்த தொட்டி, கருகின தரை. பக்கத்தில் கரண்டின் அலைகள் வரைந்த ஒரு படம்.

"இது நான் நேர்ல பாத்த கேஸ்," என்றார். "ரிலே அருமையான ரிலே. செட்டிங் நான் போட்டது. ஆனா ஆபரேட்டர் ஒருத்தன், படிப்பு கிடையாது, அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு லிங்கைக் கழட்டிட்டான். படிக்காதவன் கையில சாவியைக் குடுத்தா இதான் கதி."

காயிலக்கா எழுந்து நின்றாள். "இதுல யாராவது செத்தாங்களா சார்?"

"ஒரு ஹெல்பர் போல. அதை விடுங்கம்மா. இந்த அலையைப் பாருங்க, அதுதான் பரிட்சைக்கு வரும்."

உட்கார்ந்தாள். அலையை நோட்டில் வரைந்துகொண்டாள். அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது கோபம்தான். அன்றைக்கு அது இறுகிக் கெட்டியாகி வேறொன்றாக மாறியது.

அந்த அலைப் படத்தின் மூலப் பதிவு லேப் கம்ப்யூட்டரில் இருந்தது. கோளாறு நடக்கும்போது ரிலே தானாகவே எழுதி வைத்துக்கொள்கிற பதிவு. மாணவர்கள் அலைகளை அளந்து கணக்குப் போட வேண்டும் என்பதற்காக செட்டிங் சாரே வருஷங்களுக்கு முன்னால் கொடுத்தது. வருஷத்துக்கு அறுபது பேர் அதைத் திறந்து, கேட்ட கணக்கைப் போட்டு, மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காயிலக்காவும் திறந்தாள். மேலே ஆறு கரண்ட் அலைகள். அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் திரையின் ஓரத்தில், இன்னும் சில வரிசைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு சின்னக் குறி இருந்தது. அதை அழுத்தினாள். அலைகளுக்குக் கீழே நேர்க்கோடுகள் விரிந்தன. ரிலே எந்த நொடியில் என்ன செய்தது என்று சொல்கிற கோடுகள். ஒரு விஷயம் நடந்தால் கோடு ஒரு படி ஏறும், நடக்காவிட்டால் தட்டையாகவே போகும்.

"உள்கோளாறு தெரிந்தது" என்ற கோடு ஏறியிருந்தது. அதற்குக் கீழே "டிரிப் உத்தரவு", அதாவது பிரேக்கரைத் தட்டச் சொல்கிற கோடு. அது ஏறவே இல்லை. ஒன்றரை நொடி கழித்துப் பக்கத்து ரிலே சாவகாசமாக விழித்துப் பிரேக்கரைத் தட்டியிருக்கிறது. அந்த ஒன்றரை நொடியில்தான் தொட்டி பிளந்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். லிங்க் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்க வேண்டும்? ரிலேக்கு லிங்க் இருப்பதும் கழன்றதும் தெரியாது. அது பாட்டுக்கு உத்தரவு போட்டிருக்கும், உத்தரவு வழியில் நின்று போயிருக்கும். கோடு ஏறியிருக்கும். இங்கே ரிலே உத்தரவே போடவில்லை. கத்தியது யாருக்கும் கேட்காமல் போகவில்லை. வாயையே யாரோ கட்டியிருக்கிறார்கள். செட்டிங்கில், பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய், டிரிப் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட் ஆபரேட்டர்களிடம் கிடையாது. அப்படியானால் லிங்க்? தீ அணைந்த பிறகு, விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால், ஒருவர் வந்து நிதானமாகக் கழற்றி வைத்திருக்கிறார்.

லேப்காரர் அடுத்த மேஜையில் இருந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. இந்தப் பதிவு எப்ப வந்தது, யார் குடுத்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல இருக்குமா?"

இருந்தது. தேதி, மில்லின் பெயர், "மூலப் பதிவு" என்ற குறிப்பு, எல்லாம் செட்டிங் சாருடைய கையெழுத்தில். தன் அனுபவத்தைக் காட்டிக்கொள்ள அவரிடம் இருந்த ஒரே நிஜப் பதிவு அதுதான் போலும். பெருமைக்குக் கொடுத்துவிட்டார். மேலே இருக்கிற அலையைத் தவிர விசாரணையிலேயே யாரும் எதையும் பார்க்கவில்லை, இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தெனாவட்டு.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்தபோது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் சொன்னால் அவர் நேராக மில்லுக்குப் போவார், அங்கே கத்துவார், அடுத்த நாளே லேபில் அந்தப் பதிவு இருக்காது. அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஆளின் முகத்தை, அது உடைகிற நேரத்தில், தானே பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்தச் சுகத்தை அவள் யாரோடும் பங்கு போடத் தயாராக இல்லை.

அடுத்த வாரம் செட்டிங் சாரிடம் போனாள். "சார், கடைசி வருஷ புராஜெக்டுக்கு நீங்கதான் கைடா இருக்கணும்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு நானே சுத்தறேன். உள்ளேயே கோளாறு உண்டாக்கிற மாதிரி வழி வச்சு. லேப் ரிலேயோட சேத்து, ரிலே எப்படியெல்லாம் தவறும்னு காட்டறேன்."

அவருக்கு வாயெல்லாம் பல். "இந்த மாதிரி கைவேலை தெரிஞ்ச ஸ்டூடண்ட் எனக்குக் கிடைச்சதே இல்லை" என்று கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாசம் உழைத்தாள். கடையில் மீந்த கம்பியில் சுற்றிச் சுற்றி, இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை எரித்து, மூன்றாவதில் பிடித்தாள். சனிக்கிழமைகளில் செட்டிங் சார் பக்கத்தில் வந்து நின்று யோசனை சொல்வார். "ஓகே சார், சரிங்க சார்" என்று தலையாட்டுவாள். ஒரு தடவை அவர் குனிந்து பார்க்கும்போது அவருடைய பின்கழுத்து அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. சூடான சால்டரிங் அயர்ன் அவள் கையில் இருந்தது. அதை மெதுவாக ஸ்டாண்டில் வைத்தாள். இது போதாது என்று தோன்றியதால் வைத்தாள், இரக்கப்பட்டு அல்ல.

வைவா நாள் குறித்தார்கள். வேறு கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வெளித் தேர்வாளராக வருகிறார். காயிலக்கா துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, மின் விபத்துகளை விசாரிக்கிற மின் ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு அழைப்புக் கடிதம் எழுதினாள். மாணவர் தயாரித்த செயல்விளக்கம், பார்வையிட வரவும் என்று மட்டும். புகாராக எழுதினால் ஃபைல் கட்டுக்குள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், அழைப்பாக எழுதினால் ஆள் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆள் வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் அதிகாரி.

வீட்டுக்காரரிடமும் சொன்னாள். "எனக்கு நாளைக்கு வைவா. நீங்க வரணும்."

"நான் எதுக்கு அங்க? எனக்கு என்ன புரியப் போகுது?"

"உங்களுக்குத்தான் எல்லாரையும் விட நல்லாப் புரியும். வாங்க."

அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். உள்ளே வந்த செட்டிங் சாரின் பார்வை அவர் மேல் பட்டு, ஒரு சுவரின் மேல் பட்டதுபோல நகர்ந்து போனது. மெலிந்து, முடி கொட்டிப்போன ஆளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

காயிலக்கா மூன்று தடவை ஓட்டிக் காட்டினாள். முதல் தடவை எல்லாம் ஒழுங்கு. கோளாறு வந்ததும் டக்கென்று பிரேக்கர் விழுந்தது. இரண்டாவது தடவை லிங்கைக் கழற்றினாள்; பிரேக்கர் விழவில்லை, ஆனால் உத்தரவுக் கோடு ஏறியது. மூன்றாவது தடவை லிங்கை மாட்டி, செட்டிங்கில் டிரிப்பை நிறுத்தினாள்; பிரேக்கரும் விழவில்லை, கோடும் ஏறவில்லை. மூன்றையும் அச்செடுத்து வரிசையாக மேஜையில் வைத்தாள். வெளித் தேர்வாளர், "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். செட்டிங் சார் தன் பிள்ளை மேடையேறியதுபோல பூரித்து உட்கார்ந்திருந்தார்.

அவள் நாலாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் அலைகள் இல்லை. கோடுகள் மட்டும், ஓரத்தில் பொடி எழுத்தில் நேரமும் தேதியும்.

"சார், இது வெளியில நடந்த ஒரு கேஸ். நீங்கதான் அனுபவசாலி. இது மூணுல எந்த ரகம்னு சொல்லணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மூணாவது ரகம். செட்டிங்ல டிரிப்பை பிளாக் பண்ணியிருக்காங்க."

"லிங்க் கழண்டிருந்ததால இப்படி ஆகியிருக்க வாய்ப்பு இருக்கா சார்?"

"வாய்ப்பே இல்லை. கழண்டிருந்தா இந்தக் கோடு ஏறியிருக்குமே. நீங்களே இப்பக் காட்டினீங்களே."

"அப்ப இதை யார் பண்ணியிருக்க முடியும்?"

"பாஸ்வேர்ட் வச்சிருக்கறவர்தான். ரிலே இன்ஜினியர்." சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

காயிலக்கா இன்னொரு தாளை எடுத்தாள். வருஷா வருஷம் அவர் திரையில் போட்டுக் காட்டிய அதே அலைப் படம். அதைக் கோடுகள் இருந்த தாளுக்கு மேல் வைத்து ஓரத்தோடு ஓரம் பொருத்தினாள். நேரமும் தேதியும் மேலிருந்து கீழ் வரை ஒரே கோட்டில் போய் உட்கார்ந்தன.

சிரிப்பு அவர் முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. "இது... இது உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

"நீங்கதான் சார். லேப் ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இருக்கு." பெண் அதிகாரி பக்கம் திரும்பினாள். "மேடம், காகித மில் விபத்து. அறிக்கையில பதினாலாவது பத்தி. செத்த எலக்ட்ரீஷியன் என் தம்பி. லிங்கைக் கழட்டினதா எழுதியிருக்கற ஆபரேட்டர் பின்னாடி உக்காந்திருக்கார். என் வீட்டுக்காரர்."

 செட்டிங் சார் எழுந்திருக்கப் பார்த்து, நாற்காலிக் கையைப் பிடித்தபடியே மறுபடி உட்கார்ந்தார். அந்த முகத்தை அவள் ஆசை தீரப் பார்த்தாள். கன்னம் தொங்கியதையும், உதடு உலர்ந்ததையும், பின்வரிசையை இப்போது அடையாளம் கண்டுகொண்ட கண் அங்கே நிற்க முடியாமல் தரைக்குப் போனதையும். பெண் அதிகாரி இரண்டு தாள்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "மூலப் பதிவை இப்பவே சீல் வைக்கணும், அந்த ரிஜிஸ்டரையும் கொண்டு வாங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் நடந்தார்கள். பாதி தூரம் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார், "எப்பத் தெரியும் உனக்கு?"

"எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசமாத் தெரியும்."

"சொல்லியிருந்தா விஷயம் கெட்டுப் போயிருக்கும்."

"இருக்கலாம்," என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். "நான் தொடலைன்னு சொன்னப்ப நம்பலை. ஒரு மெஷின் சொன்னதும் நம்பினே. சரி, அதை விடு. அதுக்கப்புறமும் எட்டு மாசம் என்னை அப்படியே வச்சிருந்தியே. அவனைப் பழி வாங்கறதுக்கு நானும் கூலி குடுத்தேன்."

  அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை. எட்டாம் நாள் காலையில், அடுப்படியில் நின்றுகொண்டு, "தப்பு என்னோடதுதான்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா என்று தெரியாது. அன்றைக்கு அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.

பத்து நாள் கழித்து செட்டிங் சார் வைண்டிங் கடைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கடை முதலாளி நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"மில் மேனேஜர் நெருக்கினாரும்மா. ஸ்விட்ச் போடும்போதெல்லாம் காரணமே இல்லாம டிரிப் ஆச்சு, உற்பத்தி நின்னு போச்சு. ரெண்டு நாளைக்குன்னுதான் பிளாக் பண்ணேன். சரியான செட்டிங் கணக்குப் போட்டுட்டு எடுத்துடலாம்னு. மறந்துட்டேன்."

அவள் காயிலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "லிங்கையும் மறந்துதான் கழட்டினீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"மறந்தது மட்டும்னா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நான் விட்டிருப்பேன். தீ அணைஞ்ச கையோட அடுத்தவன் தலையில கட்டணும்னு தோணுச்சு பாருங்க, அதை விட மாட்டேன்."

"எனக்கும் குடும்பம் இருக்கு. லிங்க் விஷயத்தை மட்டும் விசாரணையில அழுத்தாம இருந்தா..."

"அதைத்தான் அழுத்தப் போறேன். வழியை விடுங்க, வெளிச்சம் மறைக்குது."

மறு விசாரணை நாலு மாசம் நடந்தது. ஒரு நாள் விடாமல் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவர் பதில் சொல்லத் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் எதிரில் அவள் முகம்தான் இருந்தது. அதற்காகவே அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவருடைய லைசென்ஸ் போனது. பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. தடயத்தை மாற்றியதற்காக வழக்கும் போட்டார்கள். மில் மேனேஜர் வேறு ஊருக்கு மாற்றலோடு தப்பித்துவிட்டார். அவரை அவள் மறக்கவில்லை. பதினாலாவது பத்தியை ரத்து செய்து வந்த கடிதத்தை வீட்டுக்காரர் தானே கையில் எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் அம்மா வந்து, மருமகன் வேலைக்குக் கிளம்புகிற வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

டிகிரி வந்ததும் ரிலே சோதிக்கிற கம்பெனி ஒன்று காயிலக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதில் சேர்வதற்கு முந்தின வாரம்தான் விசாரணையின் கடைசி நாள். விசாரணை முடிவை வாசித்து முடித்து எல்லோரும் கலைந்தார்கள். செட்டிங் சார் படியிறங்கி, ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, ஏறிப் போகிற வரைக்கும் அவள் ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்தாள்.

"போதுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அவள் யோசித்தாள். தம்பி இருந்திருந்தால் அவனுக்கு இந்த மாசம் முப்பத்திரண்டு வயது.

"போதலை," என்றாள். வீட்டுக்காரர் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் படியிறங்கினார்கள்.